தரவுத்தளம் பதில் சொல்ல மறுக்கும்போது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வேலூரிலும் ராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் பக்கங்களிலும் தோல் பதனிடும் கூடங்கள், கிடங்குகள், பரிசோதனைக் கூடங்கள் ஆகியவற்றில் ஓடும் கணக்கு நிரல்களையும் இருப்பு நிரல்களையும் பராமரிப்பது என் வேலை. நிரல்கள் ஜாவாவிலும் சி ஷார்ப்பிலும் பைத்தானிலும் இருக்கும். சில இடங்களில் விஷுவல் பேசிக் 6 இன்னமும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அடியில் இருப்பது பெரும்பாலும் ஆரக்கிள் அல்லது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர். "டேட்டாபேஸ் போச்சு சார்" என்று அழைப்பு வந்து நான் போய்ப் பார்த்த இடங்களில், தரவுத்தளத்துக்கு உண்மையிலேயே ஏதேனும் ஆகியிருந்தது மிகச் சில முறைதான். மற்ற வேளைகளில் நிரலுக்கும் தரவுத்தளத்துக்கும் நடுவே இருக்கும் டிரைவர் (நிரலைத் தரவுத்தளத்தோடு பேச வைக்கும் இடைமென்பொருள்), முகவரி, கடவுச்சொல், எழுத்துக் குறியீடு, கமிட் (எழுதியதை நிலைப்படுத்தும் கட்டளை) ஆகியவற்றுள் ஒன்று பிசகியிருந்தது. ஆகையால் கீழே உள்ள வரிசை எங்கும் நடுவழியிலேயே தொடங்குகிறது; சர்வரைத் தொடுவது கடைசியில்தான் வரும்.

கை வைக்கும் முன்

பிழைச் செய்தியை எண்ணோடு முழுவதுமாகப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். நிரல் எழுதியவர் "இணைக்க முடியவில்லை, நிர்வாகியை அணுகவும்" என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு உண்மையான எண்ணை விழுங்கியிருந்தால், நிரலின் பதிவுக் கோப்பில் தேட வேண்டும்; அங்கும் இல்லையென்றால் முதலில் திருத்த வேண்டியது அந்தப் பெட்டியைத்தான். அடுத்து, பிழை ஒரு கணினியில் மட்டும் வருகிறதா, எல்லாவற்றிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் சர்வர் அறைப் பக்கம் போகத் தேவையே இல்லை. பிறகு, கடைசியாக எது மாறியது என்று விசாரிக்க வேண்டும். "ஒன்றும் மாற்றவில்லை" என்பதுதான் எப்போதும் முதலில் வரும் பதில். விண்டோஸ் புதுப்பிப்பு, புதிய ரவுட்டர், நேற்றைய மின்வெட்டு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டால் பதில் மாறும்.

எந்தச் சோதனையையும் நிரல் ஓடும் அதே கணினியில், அதே பயனர் கணக்கில், அதே டிரைவரைக் கொண்டு செய்ய வேண்டும். உங்கள் மடிக்கணினியில் இணைப்பு கிடைப்பது அங்குள்ள கோளாறைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அறிகுறி: டிரைவரே அகப்படவில்லை என்கிறது

ஓடிபிசியில் (நிரல்கள் பலவகைத் தரவுத்தளங்களோடு பேசுவதற்கான பொது இடைமுகம்) ஐஎம்002 அல்லது ஐஎம்014, ஜாவாவில் "நோ சூட்டபிள் டிரைவர்", பைத்தானில் டிபிஐ-1047 என்று வரும். மூன்றிலும் நிரல் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. வலைப்பின்னலைச் சோதிப்பது வீண்.

ஐஎம்002 என்றால் டிஎஸ்என், அதாவது சேமித்து வைத்த இணைப்பு விவரங்களுக்கு இட்ட பெயரில் எழுத்துப்பிழை உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர் சரியாக இருந்தால், அது பயனர் டிஎஸ்என்னா, சிஸ்டம் டிஎஸ்என்னா என்று பார்க்க வேண்டும். ஒருவர் தன் கணக்கில் நுழைந்து உருவாக்கிய பயனர் டிஎஸ்என், சர்வீஸாகப் பின்னணியில் ஓடும் நிரலின் கண்ணுக்குத் தெரியாது. கையால் ஓட்டினால் வேலை செய்கிறது, இரவில் தானாக ஓடும்போது செய்யவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஐஎம்014 என்பது 32 பிட், 64 பிட் சண்டை. 32 பிட் நிரலுக்கு 32 பிட் டிரைவரும் 32 பிட் ஓடிபிசி நிர்வாகியில் உருவாக்கிய டிஎஸ்என்னும் வேண்டும். இங்கே விண்டோஸ் ஒரு வேடிக்கை செய்து வைத்திருக்கிறது: 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 என்ற கோப்புறைக்குள் இருப்பது 64 பிட் நிர்வாகி, 32 பிட் நிர்வாகி சிஸ்வாவ்64 என்ற கோப்புறைக்குள் இருக்கிறது. பெயரை நம்பித் திறந்தவர்கள் தவறான பட்டியலில் டிஎஸ்என்னை உருவாக்கிவிட்டு அரை நாளைத் தொலைத்திருக்கிறார்கள்; நானும் ஒருமுறை தொலைத்திருக்கிறேன். விஷுவல் பேசிக் 6 நிரல்கள் எப்போதும் 32 பிட்தான்.

டிபிஐ-1047 பழைய சிஎக்ஸ் ஆரக்கிள் தொகுதியோடு வருவது. ஆரக்கிள் கிளையன்ட் நூலகம் இல்லை, அல்லது பைத்தானின் பிட் அளவோடு அது பொருந்தவில்லை என்று பொருள். 2022-இல் அதன் இடத்துக்கு வந்த பைத்தான்-ஓரக்கிள்டிபி என்ற தொகுதி, இயல்பாகக் கிளையன்ட் நூலகம் எதுவும் இல்லாமலே இணையும். ஆனால் அந்த எளிய வழி தரவுத்தளம் 12.1 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் மட்டுமே திறக்கும். அதற்கு முந்தைய 11ஜி வைத்திருக்கும் நிறுவனத்தில் டிபிஒய்-3010 வரும். அங்கே கிளையன்ட் நூலகத்தை நிறுவி, அதன் வழியாக இணையும் தடித்த முறைக்கு மாற்றுவதே வழி. ஜாவாவில் டிரைவரின் ஜேஏஆர் கோப்பு கிளாஸ்பாத்தில் (ஜாவா தேடும் இடங்களின் பட்டியலில்) இருக்கிறதா, இணைப்பு முகவரியின் முன்னொட்டு எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அறிகுறி: டிரைவர் இருக்கிறது, தரவுத்தளத்தைச் சென்றடைய முடியவில்லை

இங்கே எண்ணைப் பொறுத்துப் பாதை பிரிகிறது.

ஓஆர்ஏ-12154 வந்தால்

ஓஆர்ஏ என்று தொடங்குபவை ஆரக்கிளின் பிழை எண்கள். கொடுத்த பெயருக்கு முகவரி தெரியவில்லை என்பது மட்டுமே இதன் பொருள். சர்வர் அணைந்திருந்தாலும் எரிந்தே போயிருந்தாலும் இந்த எண் வராது. தரவுத்தளப் பெயர்களுக்கு முகவரி எழுதி வைக்கும் டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பில் அந்தப் பெயர் இருக்கிறதா, அடைப்புக்குறி ஒன்று விடுபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால், நிரல் வேறொரு டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்: ஒரே கணினியில் இரண்டு ஆரக்கிள் கிளையன்ட்கள் இருந்தால் கோப்பும் இரண்டு. டிஎன்எஸ்_அட்மின் என்ற சூழல் மாறியில் சரியான கோப்புறையை எழுதிவிட்டு நிரலை மூடித் திறந்தால் தீரும்.

எஸ்க்யூஎல் சர்வரில் இதற்கு இணையானது பிழை 26. பெயரிட்ட இன்ஸ்டன்ஸின் (ஒரே கணினியில் தனித்தனியாக ஓடக்கூடிய சர்வர் நிறுவல்களுள் ஒன்றின்) போர்ட் எண்ணை, அதாவது வலைப்பின்னல் கதவெண்ணை, சொல்ல வேண்டிய எஸ்க்யூஎல் சர்வர் பிரவுசர் ஓடவில்லை, அல்லது யுடிபி 1434 ஃபயர்வாலில் அடைபட்டிருக்கிறது. இன்ஸ்டன்ஸுக்கு நிலையான போர்ட் ஒன்றைக் கொடுத்து, சர்வர் பெயருக்குப் பின் காற்புள்ளியிட்டு அந்த எண்ணை எழுதிவிட்டால் பிரவுசரின் தயவே வேண்டாம்.

ஓஆர்ஏ-12541 அல்லது எஸ்க்யூஎல் சர்வர் பிழை 40 வந்தால்

முகவரி தெரிந்துவிட்டது, கதவைத் திறக்க ஆள் இல்லை. ஆரக்கிளின் வழக்கமான போர்ட் 1521, எஸ்க்யூஎல் சர்வருடையது 1433, டிபி2-வுடையது 50000. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளையால் அந்தப் போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். வெறும் பிங் செய்து "சர்வர் உயிரோடு இருக்கிறது" என்று முடிவு கட்டக் கூடாது. கணினி இருக்கிறது என்பதற்கு மேல் பிங் எதையும் சொல்லாது. சர்வரில் லிஸனர் (இணைப்புக் கேட்டு வருபவற்றை வரவேற்கும் ஆரக்கிள் நிரல்) ஓடுகிறதா, சர்வரின் ஐபி மாறியிருக்கிறதா, ஃபயர்வால் புதிதாக வந்திருக்கிறதா என்ற வரிசையில் போக வேண்டும். எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் பதிப்பைப் புதிதாக நிறுவியிருந்தால், அதில் டிசிபி/ஐபி இயல்பாக முடக்கப்பட்டிருக்கும். கன்ஃபிகரேஷன் மேனேஜரில் அதை இயக்கி, சர்வீஸை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

ஓஆர்ஏ-12514 அல்லது 12505 வந்தால்

லிஸனர் கதவைத் திறக்கிறது, ஆனால் கேட்ட பெயரில் உள்ளே யாரும் இல்லை என்கிறது. வெயில் காலத்தில் மின்சாரம் போய் யுபிஎஸ்ஸும் ஓய்ந்து, சர்வர் மறுபடி எழும்போது, நான் அதிகம் பார்ப்பது இந்த 12514-ஐத்தான். லிஸனர் சர்வீஸ் உடனே எழுந்துவிடும். தரவுத்தளம் அதன் பிறகு எழுந்து, தன் பெயரை லிஸனரிடம் பதிவு செய்ய ஒரு நிமிடம்வரை ஆகலாம். முதலில் ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். பிறகு சர்வரில் லிஸனரின் நிலையைக் கேட்டு, சேவைப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரவுத்தளம் ஓடியும் பெயர் வரவில்லையென்றால் ஆல்டர் சிஸ்டம் ரெஜிஸ்டர் கட்டளை போதும். தரவுத்தளமே எழவில்லையென்றால் விண்டோஸ் சர்வீஸ் தானியங்கியாக அமைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒருமுறை மட்டும் தொடங்கிப் பார்க்கலாம். அப்போது கோப்பு மீட்பு பற்றிய செய்தி வந்தால் கையை எடுத்துவிட வேண்டும். அது டிபிஏ (தரவுத்தள நிர்வாகி) வேலை.

மின்வெட்டு எதுவும் இல்லாமல், புதிதாக எழுதிய ஜாவா நிரலில் 12505 வந்தால், முகவரியில் போர்ட் எண்ணுக்குப் பின் முக்காற்புள்ளி போட்டிருக்கிறதா, சாய்கோடு போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முக்காற்புள்ளிக்குப் பின் வருவதை டிரைவர் எஸ்ஐடி (இன்ஸ்டன்ஸின் பெயர்) என்றும், சாய்கோட்டுக்குப் பின் வருவதைச் சேவைப் பெயர் என்றும் கொள்ளும். இரண்டையும் மாற்றி எழுதியவர்கள் ஏராளம்.

அறிகுறி: வாசலில் திருப்பி அனுப்புகிறது

ஓஆர்ஏ-01017 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. ஆரக்கிள் 11ஜி முதல் கடவுச்சொல்லில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு உண்டு. பழைய நிரல் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கி அனுப்பிக்கொண்டிருந்தால் மேம்படுத்திய மறுநாளே விழும்.

28001 என்றால் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது. 11ஜி-யின் இயல்பு அமைப்பில் கடவுச்சொல்லின் ஆயுள் 180 நாள். நிறுவிய ஆறாவது மாதத்தில் ஒரு காலையில் எல்லாம் நின்றுபோனால் வேறெங்கும் தேட வேண்டாம். புதிய கடவுச்சொல் வைப்பது சுலபம். அதன் பின் வருவதுதான் தொல்லை. பழைய கடவுச்சொல் பொதிந்த ஏதோ ஒரு பழைய நிரல், யாரும் நினைவில் வைத்திராத ஒரு மூலைக் கணினியில் அட்டவணைப்படி ஓடி, பத்து முறை தவறாகத் தட்டிக் கணக்கைப் பூட்டிவிடும், 28000 வரும். பூட்டைத் திறந்தால் அரை மணியில் மறுபடி பூட்டிக்கொள்ளும். பூட்டுவது யார் என்பதை லிஸனரின் பதிவுக் கோப்பு காட்டிக்கொடுக்கும்: எந்தக் கணினியிலிருந்து, எந்த நிரல் வந்தது என்று அதில் இருக்கும். ராணிப்பேட்டையில் ஒரு கூடத்தில் நாங்கள் இரண்டு நாள் தேடிய குற்றவாளி, எடைமேடை அறையில் மேசைக்கடியில் இருந்த ஒரு பழைய கணினி.

எஸ்க்யூஎல் சர்வரில் 18456 வந்தால் நிரலில் தெரியும் செய்தியால் பயனில்லை. பாதுகாப்புக்காக நிரலுக்கு எப்போதும் நிலை 1 என்றே சொல்லப்படும். சர்வரின் பிழைப் பதிவில் உண்மையான நிலை எண் இருக்கும்: 5 என்றால் அப்படியொரு பயனரே இல்லை, 8 என்றால் கடவுச்சொல் தவறு, 38 என்றால் கேட்ட தரவுத்தளத்தைத் திறக்க முடியவில்லை, 58 என்றால் சர்வர் விண்டோஸ் அடையாளத்தை மட்டும் ஏற்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது.

ஓஆர்ஏ-28040 என்பது பழைய டிரைவர் புதிய சர்வரிடம் பேசும்போது வருவது. டிரைவரைப் புதுப்பிப்பதே சரி. சர்வரில் பழைய முறையை அனுமதிக்கும் அமைப்பும் உண்டு. ஆனால் ஒரு பழைய நிரலுக்காக எல்லோருக்குமான பாதுகாப்பைத் தளர்த்துவது அது. டிரைவர் புதியதாகி வரும் சிக்கலும் உண்டு: 2022-இல் வந்த எஸ்க்யூஎல் சர்வருக்கான ஓடிபிசி டிரைவர் 18, இணைப்பை இயல்பாகவே மறையாக்கம் செய்யக் கேட்கும்; சர்வரின் சான்றிதழ் நம்பத்தக்கதல்ல என்று நேற்றுவரை ஓடியது நிற்கும். அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் இணைப்பு என்றால் சர்வர் சான்றிதழை நம்பும்படி இணைப்புச் சரத்தில் தற்காலிகமாகச் சொல்லலாம். சர்வர் வெளியே இருக்கிறது என்றால் முறையான சான்றிதழை நிறுவ ஆளை அழைக்க வேண்டும்.

அறிகுறி: காலையில் ஓடுகிறது, பிற்பகலில் நிற்கிறது

மறுதொடக்கம் செய்தால் சரியாகி, சில மணி நேரத்தில் மறுபடி விழும் நிரல் எதையோ வாங்கித் திருப்பித் தராமல் இருக்கிறது. டாட்நெட்டில் (சி ஷார்ப் நிரல்கள் ஓடும் தளம்) பூலிலிருந்து, அதாவது திறந்து வைத்து மாறி மாறிப் பயன்படுத்தும் இணைப்புத் தொகுப்பிலிருந்து, இணைப்பு கிடைக்கவில்லை என்ற டைம்அவுட் வந்தால், திறந்த இணைப்புகள் மூடப்படவில்லை. பூலின் இயல்பான உச்சவரம்பு 100. ஜாவாவின் ஹிகாரிசிபி என்ற பூல் நூலகம் என்றால் 10 மட்டுமே. ஆரக்கிளில் ஓஆர்ஏ-01000 வந்தால் இணைப்பு அல்ல, கர்சர்கள் (வினவல்களை ஓட்டத் திறந்தவை) மூடப்படவில்லை. வி$ஓப்பன்_கர்சர் காட்சியில் ஒரே எஸ்க்யூஎல் வாசகம் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப நின்றால் குற்றவாளி அதுவே. பெரும்பாலும் ஒரு சுழலுக்குள் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, பிழை வரும் பாதையில் மூடாமல் விட்டிருப்பார்கள். சர்வரில் உச்சவரம்பை உயர்த்துவது விழும் நேரத்தை மூன்று மணியிலிருந்து ஐந்து மணிக்குத் தள்ளும், அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானது: சாப்பாட்டு இடைவேளைக்குப் பின் முதல் முயற்சி மட்டும் தோற்கும், இரண்டாவது சரியாக ஓடும். ஓஆர்ஏ-03113 அல்லது 03135, ஓடிபிசியில் 08எஸ்01 என்று வரும். சும்மா கிடந்த இணைப்பை நடுவிலுள்ள ஃபயர்வால் சொல்லாமல் துண்டித்துவிட்டது. பூலுக்கு அது தெரியாமல் செத்த இணைப்பை எடுத்துக் கொடுக்கிறது. கொடுக்கும் முன் சோதிக்கும்படி பூலை அமைக்க வேண்டும். அல்லது இணைப்பின் ஆயுளை ஃபயர்வாலின் பொறுமையைவிடக் குறைவாக வைக்க வேண்டும். ஆரக்கிள் சர்வரின் எஸ்க்யூஎல்நெட் கோப்பில் எக்ஸ்பயர்_டைம் 10 என்று எழுதினால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு தட்டு போகும். அதுவே பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது. இவ்வளவும் செய்த பின் ஓடிக்கொண்டிருக்கும் வினவலின் நடுவிலேயே 03113 வந்தால் சர்வரின் அலர்ட் லாக் என்ற பதிவுக் கோப்போடு டிபிஏவிடம் போக வேண்டும்.

அறிகுறி: தமிழ் கேள்விக்குறியாகிறது

இதற்கு நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அவசரப்பட்டால் தரவு நிரந்தரமாகப் போய்விடும். முதல் கேள்வி, திரையில் மட்டும் கேள்விக்குறியா, அட்டவணைக்குள்ளேயே கேள்விக்குறியா என்பது. ஆரக்கிளில் டம்ப் சார்பை 1016 என்ற வடிவத்தோடு அந்தப் புலத்தின் மேல் ஓட்டினால் உள்ளே இருக்கும் பைட்டுகள் தெரியும். யுடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்துகள் இ0 ஏஇ அல்லது இ0 ஏஎஃப் என்று தொடங்கும். அப்படி இருந்தால் தரவு பத்திரம். காட்டும் நிரலில்தான் கோளாறு. 3எஃப் என்று வரிசையாக இருந்தால் கேள்விக்குறியே சேமிக்கப்பட்டுவிட்டது. மீட்க வழியில்லை, மறுபடி தட்டச்சு செய்யத்தான் வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் யூனிகோட் சார்பு இதே வேலையைச் செய்யும்: 'வ' என்ற எழுத்துக்கு 2997 வர வேண்டும், 63 வந்தால் அது கேள்விக்குறி.

மூன்றாவது வகையும் உண்டு: தலையில் கோடிட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' குறியும் மாறி மாறி வரும். அது யுடிஎஃப்-8 பைட்டுகளை விண்டோஸ் 1252 என்று எண்ணிப் படித்ததன் விளைவு. அசிங்கமாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் மீட்கலாம். ஆகையால் அதன் மேல் யாரும் திருத்தி எழுதாமல் முதலில் தடுக்க வேண்டும்.

காரணங்களை எளிதிலிருந்து பார்த்தால், எஸ்க்யூஎல் சர்வரில் வாசகத்துக்குள் நேரடியாக எழுதிய தமிழ்ச் சரத்துக்கு முன் ஆங்கில 'என்' எழுத்து விடுபட்டிருக்கும். வாசகத்துக்குள் ஒட்டாமல் தனி மதிப்பாக, அதாவது பாராமீட்டராக, அனுப்பினால் அந்தக் கவலை குறையும். அடுத்து, புலம் யூனிகோடை ஏற்கும் என்வார்சார் அல்லாமல் வார்சாராக இருக்கும். ஆரக்கிளில், கிளையன்ட் நூலகம் வழியாகப் போகும் நிரல்களுக்கு என்எல்எஸ்_லாங் என்ற சூழல் மாறி ஏஎல்32யுடிஎஃப்8 என்று முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஜாவாவுக்கான ஜேடிபிசி தின் டிரைவர் அந்த மாறியைப் பொருட்படுத்தாது என்பதால் ஜாவாவில் சரி, ஓடிபிசியில் தவறு என்ற நிலை வருவதுண்டு. எல்லாவற்றிலும் செலவானது, தரவுத்தளமே டபிள்யூஇ8எம்எஸ்வின்1252 என்ற குறியீட்டில் உருவாக்கப்பட்டிருப்பது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. குறியீட்டை மாற்ற ஆரக்கிளின் டிஎம்யு என்ற கருவி உண்டு. அனுபவமுள்ள டிபிஏ இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

கேள்விக்குறி இல்லை, ஓஆர்ஏ-12899 வருகிறது என்றால்

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்தப் பிழை எங்கள் வட்டாரத்தில் ஒரே வாரத்தில் பல இடங்களில் தலைகாட்டியது. மாவட்டப் பெயருக்கு 30 என்று அளவு வைத்திருந்தார்கள். 'வேலூர்' நமக்கு மூன்று எழுத்து; யூனிகோடில் 6 குறிகள், யுடிஎஃப்-8-இல் 18 பைட். நன்றாகவே அடங்கியது. 'ராணிப்பேட்டை' நமக்கு ஆறெழுத்து, ஆனால் 12 குறிகள், 36 பைட். 'திருப்பத்தூர்' ஏழெழுத்து, 13 குறிகள், 39 பைட். வார்சார்2-இல் வெறுமனே 30 என்றால் இயல்பாக அது பைட் கணக்கு. அளவுக்குப் பின் 'சார்' என்று சேர்த்துப் புலத்தை மாற்றினால் குறிகளின் கணக்காகிவிடும். அப்போதும் தமிழ் எழுத்தின் எண்ணிக்கையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் வைப்பது நல்லது. எஸ்க்யூஎல் சர்வரில் அட்டவணையில் எழுதும்போது 8152 அல்லது 2628 என்று பிழை வரும். ஆனால் ஸ்டோர்டு புரொசீஜரின் (சர்வருக்குள்ளேயே சேமித்து வைத்த நிரலின்) பாராமீட்டர் சிறியதாக அறிவிக்கப்பட்டிருந்தால் பிழையே இல்லாமல் வால் வெட்டப்படும், பெயர் 'திருப்பத்' என்று நிற்கும்.

அறிகுறி: தேதி மாறுகிறது, நேரம் நகர்கிறது

03/04 என்று சரமாக அனுப்பிய தேதியை அமெரிக்க ஆங்கில அமைப்பிலுள்ள எஸ்க்யூஎல் சர்வர் மார்ச் 4 என்று வாசிக்கும். மாதத்தின் 12-ஆம் தேதிவரை பிழையே வராமல் தவறாகப் பதிவாகும். 13-ஆம் தேதி பிழை 242 வந்து விழும். விழுந்த நாளைச் சரி செய்துவிட்டுப் போகாமல், அதற்கு முந்தைய பன்னிரண்டு நாட்களின் பதிவுகளையும் பார்க்க வேண்டும். தேதியைச் சரமாக ஒட்டாமல் பாராமீட்டராக அனுப்புவதே தீர்வு.

நேரம் சரியாக ஐந்தரை மணி பின்தங்கினால் சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இரவு ஷிஃப்ட் உள்ள இடங்களில் இது தேதிப் பிழையாகத் தெரியும்: விடியற்காலை 5.30-க்கு முன் பதிவானவை எல்லாம் முந்தைய நாள் கணக்கில் போய்ச் சேரும். ஜாவாவில் ஓஆர்ஏ-01882 வந்தால், ஜாவா அனுப்பும் நேர மண்டலப் பெயரைத் தரவுத்தளம் அறியவில்லை. பழைய தரவுத்தளத்தின் பட்டியலில் ஆசியா/கொல்கத்தா இல்லாமல் ஆசியா/கல்கத்தா மட்டும் இருக்கலாம். ஜாவாவைத் தொடங்கும்போது நேர மண்டலத்தை வெளிப்படையாகக் கொடுத்தால் தீரும்.

அறிகுறி: எழுதியது காணோம், அல்லது வேறிடத்தில் இருக்கிறது

பைத்தான் நிரல் 400 பதிவுகளைச் சேர்த்ததாகச் சொல்லும், அடுத்த நொடி பார்த்தால் ஒன்றும் இராது. கமிட் விடுபட்டிருக்கிறது. ஜேடிபிசியில் ஆட்டோகமிட் இயல்பாக இயங்கும். பைத்தானின் பைஓடிபிசியிலும் பைத்தான்-ஓரக்கிள்டிபியிலும் இயங்காது. ஜாவாவிலிருந்து பைத்தானுக்கு வந்தவர்கள் விழும் குழி இது. ஆட்டோகமிட்டை நிறுத்திவிட்டுக் கமிட் செய்யாமல் இணைப்பை மூடினால், ஆரக்கிளின் ஜேடிபிசி டிரைவர் கமிட் செய்துவிடும், பைத்தான் தொகுதி ரோல்பேக் (எழுதியதைத் திரும்பப் பெறுதல்) செய்துவிடும். ஆகவே மூடும்போது என்ன நடக்கும் என்பதை நம்பி எந்த நிரலையும் எழுதக் கூடாது.

மதிப்புகள் புலம் மாறிப் போய் உட்கார்ந்தால், டாட்நெட்டில் ஆரக்கிளின் ஓடிபி டாட்நெட் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாராமீட்டர்களுக்கு என்ன பெயர் வைத்தாலும் அது இயல்பாகச் சேர்த்த வரிசைப்படியே பொருத்தும். பைண்ட்பைநேம் என்பதை வெளிப்படையாக இயக்க வேண்டும். இரண்டு எண் புலங்கள் இடம் மாறினால் எந்தப் பிழையும் வராது. ஒரு கிடங்கில் அளவும் விலையும் இடம் மாறி ஒரு மாதம் பதிவாகியிருந்தது; பெருக்குத்தொகை ஒன்றேயாகையால் தணிக்கை வரை யாரும் கவனிக்கவில்லை.

ஓஆர்ஏ-00942 வந்து, அட்டவணை கண்ணெதிரே இருக்கிறது என்றால், நிரல் வேறு பயனர் பெயரில் இணைகிறது. ரோல் (பலருக்கும் சேர்த்து வழங்கும் உரிமைத் தொகுப்பு) மூலம் கிடைத்த உரிமை ஸ்டோர்டு புரொசீஜருக்குள் செல்லாது. நேரடியாக வழங்க வேண்டும். கருவியில் ஓடும் வாசகம் நிரலில் 00911 கொடுத்தால் கடைசியிலுள்ள அரைப்புள்ளியை நீக்கினால் போதும்.

அறிகுறி: கருவியில் ஒரு நொடி, நிரலில் முப்பது நொடி

முப்பது நொடியில் சரியாக வெட்டுப்பட்டால் அது டாட்நெட்டின் இயல்பான கட்டளைக் கால வரம்பு. வரம்பை நீட்டும் முன் ஏன் மெதுவாகிறது என்று பார்க்க வேண்டும்.

ஆரக்கிளோடு பேசும் ஜாவா நிரல், சென்னையிலோ வேறெங்கோ இருக்கும் சர்வரிடம் தொலைவிலிருந்து கேட்கிறது என்றால், முதலில் ஃபெட்ச் அளவைப் பார்க்க வேண்டும். அந்த டிரைவர் இயல்பாக ஒரு நடைக்கு 10 பதிவுகளை மட்டுமே கொண்டுவரும். 50,000 பதிவுகளுக்கு 5,000 நடை. ஒரு நடைக்கு 20 மில்லிநொடி என்றால் வழியிலேயே 100 நொடி போய்விடும். ஃபெட்ச் அளவை 500 ஆக்கினால் 100 நடை, 2 நொடி. ஒரே வரியில் கிடைக்கும் இவ்வளவு பெரிய ஆதாயம் இந்தத் தொழிலில் அரிது.

எஸ்க்யூஎல் சர்வரில் மேலாண்மை ஸ்டுடியோ அரித்அபார்ட் என்ற அமைப்பை இயக்கி வைத்திருக்கும். டாட்நெட் இணைப்பில் அது அணைந்திருக்கும். அதனால் ஒரே வாசகத்துக்கு அதை எப்படி ஓட்டுவது என்ற இரண்டு தனித்தனித் திட்டங்கள் சர்வரில் தங்கும். ஏதோ ஒரு அரிய பாராமீட்டரை வைத்து நிரலுக்கு வகுத்த திட்டம் மோசமானதாக இருக்கலாம். ஸ்டுடியோவில் அதை அணைத்துவிட்டு ஓட்டினால் அங்கும் மெதுவாகும், நோய் உறுதியாகும். புள்ளிவிவரங்களைப் புதுப்பித்து, அந்த புரொசீஜரை மறுபடி தொகுக்கச் சொன்னால் பெரும்பாலும் தீரும்.

ஜாவா வழியாக எஸ்க்யூஎல் சர்வர் என்றால் இன்னொன்று: டிரைவர் சரங்களை எல்லாம் இயல்பாக யூனிகோடாக அனுப்பும். புலம் வார்சாராக இருந்தால் சர்வர் புலத்தையே மாற்றி ஒப்பிட நேர்ந்து, இண்டெக்ஸ் இருந்தும் முழு அட்டவணையையும் துழாவக்கூடும். தமிழே வராத புலங்களுக்கு அந்த அமைப்பை அணைக்கலாம். தமிழ் வரும் நிரலில் அணைத்தால் மேலே சொன்ன கேள்விக்குறிக்குத் திரும்பிவிடுவோம்.

ஓடாமல் அப்படியே நிற்கிறது என்றால்

யாரோ பூட்டு வைத்திருக்கிறார்கள். ஆரக்கிளில் வி$செஷன் காட்சியின் பிளாக்கிங்_செஷன் புலமும், எஸ்க்யூஎல் சர்வரில் டிஎம்_எக்ஸெக்_ரிக்வெஸ்ட்ஸ் காட்சியும் யாரென்று சொல்லும். கருவியில் ஒரு பதிவைத் திருத்திவிட்டுக் கமிட் செய்யாமல் சாப்பிடப் போனவர்தான் பெரும்பாலும் காரணம். அவருடைய செஷனைக் கொல்வதற்கு முன் அவரைத் தொலைபேசியில் அழைப்பது மேல். டெட்லாக் (இருவர் ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்து நிற்பது) வந்தால் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு: எஸ்க்யூஎல் சர்வரின் 1205 முழுப் பரிவர்த்தனையையும் திரும்பப் பெற்றுவிடும், ஆரக்கிளின் 00060 அந்த ஒரு வாசகத்தை மட்டும் திரும்பப் பெறும், மிச்சம் பாதியில் நிற்கும். முன்னதில் நிரல் பரிவர்த்தனையை முதலிலிருந்து மறுபடி முயலலாம். பின்னதில் நிரலே ரோல்பேக் செய்த பிறகுதான் முயல வேண்டும்.

அறிகுறி: ஓஆர்ஏ-00600, 01578, அல்லது எஸ்க்யூஎல் சர்வர் 823, 824

இங்கே வழிமுறை எதுவும் இல்லை. இவை நடுவழிக் கோளாறுகள் அல்ல. 01578, 823, 824 மூன்றும் வட்டிலுள்ள தரவு சிதைந்திருக்கலாம் என்று சொல்பவை, 00600 ஆரக்கிளின் உள்பிழை. நிரல்களை எல்லாம் நிறுத்திவிட வேண்டும்; சர்வரை மறுதொடக்கம் செய்யக் கூடாது; இணையத்தில் கிடைக்கும் பழுதுபார்க்கும் கட்டளைகளை ஓட்டிப் பார்க்கக் கூடாது. எஸ்க்யூஎல் சர்வரின் ரிப்பேர்_அலவ்_டேட்டா_லாஸ் என்ற தேர்வு, தரவு போகலாம் என்று தன் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. அன்றன்று எடுத்துவந்த காப்புப் பிரதியின் மேல் இன்றைய சிதைந்த பிரதி எழுதப்படாமல், தானியங்கிக் காப்பை உடனே நிறுத்தி வைக்க வேண்டும். பிறகு டிபிஏவை அழைத்து, பிழை எண், முதலில் வந்த நேரம், அலர்ட் லாக் அல்லது எர்ரர் லாக், கடைசியாகச் சரியாக எடுத்த காப்பின் தேதி ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அந்தக் காப்பு தரவு இருக்கும் அதே வட்டில்தான் இருக்கிறது என்றால் அதையும் தொலைபேசியிலேயே சொல்லிவிட வேண்டும்; அவர் எதை எடுத்துக்கொண்டு கிளம்புவார் என்பது அதைப் பொறுத்தது.